நீலத்திரை அடிக்கடி வருகிறதா? விண்டோஸை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வீட்டுக் கணினியில் நீலத்திரை, அதாவது விண்டோஸ் திடீரென நின்றுபோகும்போது வரும் பிழைத் திரை, எப்போதாவது ஒரு முறை வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரத் தொடங்கினால் பலரும் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அரை நாள் வீணாகிறது, பழகிய அமைப்புகள் எல்லாம் போகின்றன. கோளாறு ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருந்தால் அடுத்த வாரமே நீலத்திரை திரும்பி வந்து நிற்கிறது. மறுநிறுவல் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை. கணினி ஒவ்வொரு முறை விழும்போதும் ஏன் விழுந்தேன் என்று ஒரு குறிப்பை எழுதிவைத்துவிட்டுத்தான் விழுகிறது. முதலில் அதைப் படிக்க வேண்டும்.

சாதாரணச் செயலி ஒன்று தவறு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும். ஆனால் கெர்னல் எனப்படும் உள்மையத்தில், பெரும்பாலும் சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் சேர்ந்தே இயங்குகின்றன. அங்கே ஒரு டிரைவர் தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எதையும் நம்ப முடியாது. தொடர்ந்து ஓடினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால் விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறியதற்குக் காரணம், கெர்னலில் இயங்கிய ஒரே ஒரு டிரைவர் தவறான கோப்பைப் படித்ததுதான்.

ஆகவே காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: டிரைவர், அல்லது ஹார்டுவேர். இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. ஐந்தாறு முறை விழுந்ததன் குறிப்புகளை அருகருகே வையுங்கள். எல்லாம் ஒரே பெயரைச் சுட்டினால் டிரைவரைச் சந்தேகியுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரைச் சொன்னால் ஹார்டுவேரை, அதிலும் முதலில் ரேமை, சந்தேகியுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுபவைதான்.

ஓர் எச்சரிக்கை. பிரவுசரில் ஏதோ பக்கத்தைப் பார்க்கும்போது திரை நீலமாகி, "உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் அது மோசடி. உண்மையான நீலத்திரையில் தொலைபேசி எண் இருக்காது. மோசடித் திரை பிரவுசரை மூடினால் போய்விடும். விண்டோஸ் 11-இல் 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு உண்மையான திரையே கறுப்பாகிவிட்டது. பழைய திரையில் இருந்த சோக முகமும் இல்லை. நிறம் மாறினாலும் ஸ்டாப் கோடு, அதாவது எந்தப் பிழையால் நின்றது என்று சொல்லும் பெயர், அதில் இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

படி 1: பேக்கப்பும் பிட்லாக்கர் சாவியும்

டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கலாம். எனவே புகைப்படங்கள், ஆவணங்கள் போன்ற, மறுபடி கிடைக்காதவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். சோதனைகள் எல்லாம் அதன் பிறகு.

டிஸ்கில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், பலருக்கு அது தெரிவதில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருளில்) கை வைத்தாலோ சேஃப் மோடுக்கு (மிகச் சில டிரைவர்களுடன் மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலைக்கு) போனாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடக்கூடும். பெரும்பாலும் அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள்.

படி 2: குறிப்பு எழுதப்படுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் "வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறங்கள். அட்வான்ஸ்டு தாவலில் "ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி" பகுதியின் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். அங்கே "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை கண் சிமிட்டும் நேரத்தில் மறையாமல் நீங்கள் அணைக்கும்வரை நிற்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் "ஸ்மால் மெமரி டம்ப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விழும்போது கணினி எழுதிவைக்கும் குறிப்புக் கோப்புதான் டம்ப்.

வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பை) முடக்கிவைத்தவர்கள் அதைப் பழையபடி "சிஸ்டம் மேனேஜ்டு" என்று மாற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் பெரும்பாலும் டம்ப் எழுதப்படாது. குப்பையை நீக்கித் தருவதாகச் சொல்லும் "கிளீனர்" மென்பொருள்களையும் இந்த வேலை முடியும்வரை ஓட்டாதீர்கள். அவை முதலில் அழிப்பவற்றில் இந்த டம்ப் கோப்புகளும் அடங்கும்.

படி 3: குறிப்புகளைப் படியுங்கள்

முதலில் எளிய கருவி. ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று தேடினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம். விழுந்த நாள்களில் சிவப்புப் பெருக்கல் குறி. முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களைக் கிளிக் செய்து பாருங்கள். அன்று என்ன அப்டேட் வந்தது, என்ன மென்பொருள் நிறுவப்பட்டது என்பது அங்கேயே எழுதியிருக்கும். பல வழக்குகள் இந்த ஒரு திரையிலேயே முடிந்துவிடுகின்றன.

அடுத்து டம்ப். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டர் இருக்கும். விழுந்த ஒவ்வொரு முறைக்கும் தேதியிட்ட ஒரு கோப்பு. நிர்சாஃப்ட் தரும் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருள் இவற்றைப் பட்டியலாகக் காட்டும். ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்டின் வின்டிபக் உண்டு, அதுவும் இலவசம். டம்ப்பைத் திறந்ததும் அனலைஸ் கட்டளைக்கான இணைப்பு நீல எழுத்தில் தெரியும். அதைக் கிளிக் செய்துவிட்டுக் காத்திருந்தால் நீண்ட அறிக்கை வரும். அதில் உங்களுக்கு வேண்டியவை "மாட்யூல் நேம்", "இமேஜ் நேம்", "பிராசஸ் நேம்" ஆகிய மூன்று வரிகள் மட்டுமே.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இமேஜ் நேமாக "என்டிஓஎஸ்கெர்னல்" என்று வந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது கெர்னலின் சொந்தக் கோப்பு. பிணத்தை முதலில் பார்த்து ஊரைக் கூட்டியவனைக் கொலைகாரன் என்று பிடித்துவைப்பது போன்றது இந்த முடிவு. வேறு பெயர் எதுவும் கிடைக்காதபோது அந்தப் பெயர் வருகிறது, அவ்வளவுதான்.

பயன்படும் பெயர்கள் வேறு. "என்விஎல்டி" என்று தொடங்கினால் என்விடியா கிராபிக்ஸ் டிரைவர். "ஏஎம்டிகேஎம்டிஏஜி" என்றால் ஏஎம்டி கிராபிக்ஸ். "நெட்டபிள்யூ" என்று தொடங்கினால் இன்டெல் வைஃபை. "ஐஏஸ்டோர்" என்றால் இன்டெலின் சேமிப்பக டிரைவர். தெரியாத பெயர் வந்தால், அதை அப்படியே தேடினால் எந்த நிறுவனத்துடையது என்று தெரிந்துவிடும்.

ஸ்டாப் கோடுகளில் அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன்.

"மெமரி மேனேஜ்மென்ட்" அல்லது "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா": ரேமையும் டிரைவரையும் சம அளவில் சந்தேகிக்க வேண்டும். டம்ப்புகளில் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால் நேரே படி 6.

"டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்": பெயரிலேயே டிரைவர் இருக்கிறது. திரையிலேயே கோப்பின் பெயரும் பல நேரம் தெரியும். நெட்வொர்க் டிரைவர்களும் விபிஎன் மென்பொருள்களும் இதில் அதிகம் சிக்குகின்றன.

"வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்": கிராபிக்ஸ் கார்டு குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை. டிரைவர், சூடு, மின்சாரம் என்ற வரிசையில் பாருங்கள்.

"டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்": எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரும் (அதற்குள்ளேயே பதிந்துள்ள மென்பொருளும்) சேமிப்பக டிரைவரும் முதலில் பார்க்க வேண்டியவை.

"டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்": கணினி உறக்கத்துக்குப் போகும்போதோ எழும்போதோ வந்தால் இதுவாகத்தான் இருக்கும். வைஃபை, புளூடூத், யுஎஸ்பி சாதனங்களின் டிரைவர்களைப் பாருங்கள்.

"டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எர்ரர்": ஹார்டுவேரே தன் பிழையைத் தானே அறிவிக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவுவதால் இது தீர்வது அரிது. படி 8-க்குப் போங்கள்.

நீலத்திரையே வராமல் விளக்கு அணைந்ததுபோல் கணினி அணைந்து மீண்டும் கிளம்பினால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்ற பதிவைத் தேடுங்கள். அதன் விவரத்தில் பக்செக் கோடு (ஸ்டாப் கோடின் எண்) 0 என்று இருந்தால் விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். பவர் சப்ளையையோ அதிகச் சூட்டையோ பார்க்க வேண்டும்.

படி 4: டிரைவர்

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்திருந்தால் வேலை சுலபம். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தைத் திறந்து "ரோல் பேக் டிரைவர்" பொத்தான் இருக்கிறதா பாருங்கள். கோளாறு அண்மை அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் பழைய பதிப்புக்குத் திரும்புவதே சரி. இல்லையென்றால் மடிக்கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை என்னால் பரிந்துரைக்க முடியாது. பொருந்தாத டிரைவரை நிறுவிப் புதிய நீலத்திரைக்கு வழிசெய்பவை அவை.

கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் தனிக் கவனம் கேட்கும். மேலே மேலே நிறுவினால் பழைய மிச்சங்கள் தங்கிவிடலாம். சேஃப் மோடில் "டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்" என்ற கருவியால் முழுதாகத் துடைத்துவிட்டு, இணைய இணைப்பைத் துண்டித்த நிலையில் புதிய டிரைவரை நிறுவுங்கள். இணைப்பு இருந்தால் நீங்கள் நிறுவுவதற்குள் விண்டோஸ் தன்னிடமுள்ள ஒன்றைப் போட்டுவிடும்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒன்றை நீக்குங்கள். காலாவதியாகிப் போன ஆன்டிவைரஸின் டிரைவர்கள் அன்இன்ஸ்டால் செய்த பிறகும் தங்கியிருக்கக்கூடும். அவற்றை நீக்க அந்தந்த நிறுவனமே தரும் தனி நீக்கக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

டிரைவரை மாற்றியதும் "ரீஸ்டார்ட்" கொடுங்கள், "ஷட் டவுன்" அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது கெர்னல் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்பி வருகிறது. முழுக்கப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டிரைவரையும் ரேமையும் பயாஸையும் ஒரே மாலையில் மாற்றினால், கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது.

படி 5: சிஸ்டம் கோப்புகள்

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இரண்டு கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். (இங்கே தமிழில் எழுதியிருப்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.)

டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீன்அப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்

வரிசை முக்கியம். முதல் கட்டளை மூலக் கோப்புகளின் கிடங்கைச் சரிசெய்கிறது. இரண்டாவது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துப் பழுதான கோப்புகளை மாற்றுகிறது. கிடங்கே பழுதாக இருந்தால் இரண்டாவதை மட்டும் ஓட்டிப் பயனில்லை. இந்தப் படியால் தீரும் நீலத்திரைகள் குறைவு என்பது என் எண்ணம். ஆனால் சில நிமிடங்களில் முடிகிற வேலை என்பதால் விட்டுவிடவும் மனமில்லை.

படி 6: ரேம்

இங்கே அவசரப்படக் கூடாது. விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கருவி "பிழை இல்லை" என்று சொன்னாலும் ரேம் நல்லது என்று ஆகாது. மிக மோசமான பழுதைத்தான் அது பிடிக்கும். மெம்டெஸ்ட்86 என்ற கருவியை யுஎஸ்பியில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நான்கு சுற்றும் ஓட விடுங்கள். ரேமின் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை.

பிழை வந்தவுடன் ரேம் வாங்க ஓடாதீர்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். ரேமின் பெட்டியில் அச்சிட்ட அந்த வேகம் ஒரு வகை ஓவர்கிளாக்தான், அதாவது இயல்புக்கு மேல் வேகத்தைக் கூட்டுவதுதான். எல்லா மதர்போர்டும் எல்லா பிராசஸரும் அதைத் தாங்கும் என்ற உறுதி இல்லை. அணைத்ததும் பிழை நின்றால் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளலாம்.

அப்போதும் பிழை வந்தால் கையால் செய்ய வேண்டிய வேலை. கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ஸ்லாட்டின் முனைகளில் உள்ள கிளிப்பை விரித்தால் ரேம் தானே மேலெழும். தங்க நிறத் தொடுமுனைகளில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து எடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அடியில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு சேர்கிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கிளிப் "டக்" என்று மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் கணினி கிளம்பக்கூடும், வாரத்துக்கு நான்கு முறை விழவும் கூடும். கழற்றி மாட்டியதிலேயே தீர்ந்துபோன கோளாறுகள் ஏராளம்.

பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துச் சோதியுங்கள். அடுத்து மற்றொன்றை அதே ஸ்லாட்டில். ஒரு குறிப்பிட்ட ரேம் எந்த ஸ்லாட்டிலும் பிழை தந்தால் பழுது ரேமில். எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் பழுது மதர்போர்டில். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால், வெவ்வேறு காலத்தில் வாங்கிய பொருந்தாத ஜோடியாக இருக்கலாம். ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட மடிக்கணினிகளில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அங்கே மெம்டெஸ்ட்டின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் வழி.

படி 7: டிஸ்க்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். நீல நிறத்தில் "குட்" என்று இருந்தாலும் அங்கே நின்றுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் "ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்", "கரன்ட் பெண்டிங் செக்டார்ஸ்" ஆகிய இரண்டு வரிகளும் 0 காட்ட வேண்டும். எண் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்குக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. "சிஆர்சி எர்ரர்" எண் மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். அதை மாற்றிப் பாருங்கள்.

பழுது தெரியும் டிஸ்கில், பேக்கப் எடுக்காமல், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்கை முழு ஸ்கேனில் ஓட்டக் கூடாது. சாகும் நிலையில் உள்ள டிஸ்கை அத்தனை மணி நேரம் சுழலவைப்பது மிச்சமிருப்பதையும் இழக்கச் செய்யும்.

படி 8: சூடு, மின்சாரம், பயாஸ்

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியில் வெப்பநிலையைப் பாருங்கள். இன்றைய பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கனமான வேலை எதுவும் இல்லாமலே அந்த எல்லையைத் தொட்டால் ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

கேம் விளையாடும்போது மட்டும், அதுவும் கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் விழுந்தால் பவர் சப்ளை போதவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். அதை உறுதிசெய்ய, நல்ல நிலையில் உள்ள வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை.

பயாஸில் ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்துவைப்பது) எல்லாவற்றையும் நீக்கித் தொடக்க அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்புக்குத் திரும்பும்போது சேமிப்பகத்தின் நிலை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு, அல்லது அதற்கு நேர்மாறாக, மாறிவிட்டால் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்ற புதிய நீலத்திரை வந்து நிற்கும். படம் இருந்தால் பழையபடி மாற்றிவிடலாம்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் இதைத் தவறாமல் படிக்க வேண்டும். அவற்றில் உயர்நிலை மாடல்கள் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (பிராசஸருக்குள் இயங்கும் நுண்கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாக வருகிறது. ஆனால் ஏற்கெனவே சேதமான பிராசஸரை அது குணப்படுத்தாது. பயாஸைப் புதுப்பித்த பிறகும் காரணமில்லாமல் விழுந்துகொண்டிருந்தால் வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள்.

படி 9: டிரைவர் வெரிஃபையர், துணிந்தவர்களுக்கு மட்டும்

ரேமும் டிஸ்கும் தேறிவிட்டன, டம்ப்பில் கெர்னலைத் தவிர வேறு பெயரும் இல்லை என்ற நிலையில் மட்டும் இதைத் தொடுங்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வெரிஃபையர், நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கி, தவறு செய்யும் ஒன்றைக் கையும் களவுமாகப் பிடிக்கும். பிடிக்கும் விதம் இன்னொரு நீலத்திரைதான். தொடக்கத்திலேயே விழுந்து விழுந்து கணினி உள்ளே போகாமல் போகலாம். எனவே முதலில், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். நிறுத்துவதற்கு, சேஃப் மோடில் போய் "வெரிஃபையர் /ரீசெட்" என்ற கட்டளையைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

விண்டோஸ் உள்ளேயே போகவில்லை என்றால்

கணினி கிளம்பி விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை தொடர்ந்து இப்படிச் செய்தால் அடுத்த முறை பழுதுநீக்கத் திரை தானே வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால், 4-ஆம் எண் சேஃப் மோடு, 5-ஆம் எண் இணைய வசதியுள்ள சேஃப் மோடு. அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், சேஃப் மோடுக்குக்கூடப் போக வேண்டாம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திரையில் உள்ள "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" மூலம் கடைசி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள்.

சேஃப் மோடில் மணிக்கணக்கில் விழாமல் ஓடுகிறது, சாதாரணமாகத் தொடங்கினால் விழுகிறது என்றால் அதுவும் நல்ல தடயமே. சேஃப் மோடில் மிகச் சில டிரைவர்கள் மட்டுமே ஏற்றப்படுகின்றன. பெரும்பாலும் அங்கே ஏற்றப்படாத ஏதோ ஒன்றுதான் குற்றவாளி.

படி 10: மறுநிறுவல்

இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்கவில்லை என்றால் இப்போது விண்டோஸை மறுபடி நிறுவலாம், ஒரு சோதனையாக. யுஎஸ்பியிலிருந்து சுத்தமாக நிறுவுங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து தேவையான டிரைவர்களை மட்டும் போடுங்கள். பழைய மென்பொருள்கள் எதையும் போடாமல், முன்பு எந்த வேலையின்போது விழுந்ததோ அதே வேலையைச் செய்து சில நாள் ஓட்டுங்கள். விழாவிட்டால் மென்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அது மாட்டிக்கொள்ளும்.

வெறும் விண்டோஸிலும் விழுந்தால் கோளாறு ஹார்டுவேரில் என்பது ஏறக்குறைய உறுதி. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "நீலத்திரை வருகிறது" என்று மட்டும் சொன்னால் அங்கேயும் முதல் வேலையாக விண்டோஸை மறுபடி நிறுவித் திருப்பித் தந்துவிடுவார்கள். மினிடம்ப் ஃபோல்டரின் பிரதி, ஸ்டாப் கோடுகளின் படங்கள், மெம்டெஸ்ட் முடிவு, சுத்தமாக நிறுவிய பிறகும் விழுந்த தேதி ஆகியவற்றை ஒரு யுஎஸ்பியில் போட்டு, கணினியோடு சேர்த்துக் கொடுங்கள்.